வண்டியை எங்கே நிறுத்துவது?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் எல்லாரும் வண்டியை நிறுத்துவார்கள். நிறுத்துவதாலேயே பிழைத்த ஊர் அது. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டில் தொடங்கிக் குளுவாங் வழியாக மெர்சிங் பக்கம் போகும் ஐம்பதாம் எண் சாலையும் அங்கேதான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்துவிடப்படும்வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பேருந்துகள் சோற்றுக்கும் கழிப்பறைக்கும் ஒதுங்கியது இந்தச் சந்தியில்தான். நெடுஞ்சாலை வந்தபின் கூட்டம் வடிந்தது, பழக்கம் அறுபடவில்லை. சடக்கோரக் கடைகளில் சுட்டமண் யானையும் பூச்சாடியும் உண்டியலும் இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன. வாரக் கடைசியில் வீட்டாரோடு காரில் கிளம்புகிறவருக்கு இங்கிருந்து ஒரு நாள் சுற்று தாராளமாகக் கிடைக்கும்: வடக்கே யோங் பெங், பிறகு கிழக்கே குளுவாங், அங்கே இரயில் நிலையத்தில் 1938 முதல் நடக்கும் காப்பிக்கடை, தெற்கே ரெங்கம், லயாங்-லயாங், திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கமும் மாச்சாப்பும். வழி நெடுகச் சிறு குன்றுகள், குன்றெல்லாம் செம்பனை. இந்தச் சுற்றில் தமிழர்கள் ஏறக்குறைய நூறாண்டு குடியிருந்தார்கள். முதலில் பால்மரம் என்ற ரப்பருக்காக, பிறகு செம்பனைக்காக. அந்தக் குடியிருப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், எந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது? பட்டணங்களில் கோயில் இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது. அவை பட்டணத்துச் சங்கதிகள். தோட்டம் இருந்த இடத்தில் இறங்கி நிற்க ஒன்றுமில்லை. இதைப் பெருந்துயரம் என்று தூக்கிப்பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏன் ஒன்றுமில்லை என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் எதுவும் போதவில்லை.

பார்வைக்கு முதலில் குறுக்கே நிற்பது செம்பனைதான். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முக்கோணமாக நடுவார்கள். ஓர் எக்டேருக்கு 136 முதல் 148 மரம் வரும். கார் ஓடும்போது ஒரு நிரை திறந்து உள்ளே வெகுதூரம் காட்டும். அடுத்த கணம் மூடிக்கொள்ளும். சாய்வாக இன்னொரு நிரை திறக்கும். எல்லாத் திறப்பும் ஒரே ஆழம், எல்லாவற்றின் முடிவிலும் அதே பச்சை இருட்டு. பத்து நிமிடத்தில் கண் சலித்துப்போகிறது. ஆனால் மரத்தின்மேல் பழி போட முடியாது. ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். அப்போது கொஞ்ச காலம் நிலம் மொட்டையாகக் கிடக்கும். குன்றின் வளைவு, மழைநீர் ஓடும் வாய்க்கால், மண்ணின் செம்மை எல்லாம் தெரியும். அந்த வெட்டவெளியிலும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் தெரிவதில்லை. ஒரு மாமரமோ முருங்கையோ ஒரு கறிவேப்பிலைச் செடியோ நிரைக்கு ஒவ்வாத இடத்தில் தப்பி நின்றால், அங்கே யாரோ சமைத்திருக்கிறார்கள் என்று தோட்டம் அறிந்தவர் சொல்லிவிடுவார். அறியாதவர் கண்ணுக்கு அது மரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் காரோட்டம், வழியில் சின்னச் சின்ன மலைக்கிராமங்கள் என்ற பயண வடிவத்தை உலகுக்கு நேர்த்தியாகச் செய்து காட்டிய நாடுகளில் ஸ்பெயின் ஒன்று. அதன் தெற்கே ஆந்தலூசியாவில் ‘வெள்ளைக் கிராமங்கள்’ என்று ஒரு தடமே இருக்கிறது. ஆர்க்கோஸ், கிராசலேமா, சாஹரா, ஒல்வேரா, பாறைக்கு அடியில் வீடுகளைச் செருகி வைத்த செத்தெனில், கடைசியில் ரோந்தா. சுண்ணாம்பு அடித்த சுவர்கள் குன்றின் மேல் அடுக்கடுக்காக ஏறும்; உச்சியில் ஒரு தேவாலயமோ இடிந்த கோட்டையோ நிற்கும். ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அடுத்த ஊர் அரை மணி முன்பே கண்ணில் பட்டுவிடும். அந்த ஊர்களும் ஆளிழந்த ஊர்கள்தான். 1950-களிலிருந்து எழுபதுகள்வரை ஸ்பெயினின் கிராமத்து ஏழைகள் கூட்டங்கூட்டமாகப் பார்சலோனாவுக்கும் மத்ரித்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். செர்கியோ தெல் மோலினோ 2016-இல் எழுதிய ஒரு நூல் ‘வெற்று ஸ்பெயின்’ என்று அந்த உள்நாட்டுக்குப் பெயர் சூட்டியது. தெருவேல் மாகாணத்தில் இன்று சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2019 மார்ச் 31 அன்று அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மத்ரித் வீதியில் திரண்டு, எங்களையும் கணக்கில் வையுங்கள் என்று கேட்டார்கள். ஆனாலும் அந்த ஊர்கள் நிற்கின்றன. பூட்டிய கதவு நிற்கிறது. பூட்டின் சாவி பார்சலோனாவில் யாரோ ஒரு பேரனிடம் இருக்கிறது. ஆகஸ்ட் திருவிழாவுக்கு அவன் வருவான். பயணி அந்தப் பூட்டைப் பார்த்து வருத்தப்படலாம், படமெடுக்கலாம், பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கலாம். ஆளில்லாத ஊரைக் காண்பதற்கும் ஊர் என்று ஒன்று மிஞ்ச வேண்டியிருக்கிறது. ஜொகூரில் ஆளும் போனார்கள், ஊரும் போனது.

கல்லுக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் இது என்பது கைக்குச் சட்டென்று கிடைக்கும் விளக்கம். அவர்கள் கல்லில் கட்டினார்கள், இங்கே பலகையும் தகரமும். அங்கே வறண்ட காற்று, இங்கே கறையானும் அடைமழையும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆயர் ஈத்தாமிலிருந்து பத்து பகாட் போகும் சாலையில் பாரிட் ராஜா பக்கம் ஓட்டிப் பார்த்தால் இந்த விளக்கம் கழன்றுவிடும். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்துக் குடியேறிய கம்பங்கள், அதாவது சிற்றூர்கள், அவை. அங்கேயும் பலகை வீடுதான், தகரக் கூரைதான், அதே மழைதான். உளுத்த தூணை மாற்றினார்கள், பலகையை மாற்றினார்கள், பின்பக்கம் செங்கல் வைத்துக் கட்டினார்கள், முன்பக்கம் கார் நிறுத்த ஒரு தாழ்வாரம் இறக்கினார்கள். வீட்டைக் கறையான் தின்பதற்கும் ஆள் திரும்பக் கட்டுவதற்கும் நடந்த போட்டியில் ஆள் ஜெயித்தார். ஏனென்றால் அது அவருடைய வீடு. லயத்தில் அந்தப் போட்டியே நடக்கவில்லை. ஓட்டைக் கூரையைச் சொல்ல வேண்டுமென்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி மேலே எழுத வேண்டும். தச்சர் வருவது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது.

சரி, சொத்துள்ளவனுக்கும் சொத்தற்றவனுக்கும் உள்ள வித்தியாசம்தானே, ஸ்பெயின்காரன் நிலம் வைத்திருந்தான் என்று அடுத்த விளக்கத்துக்குத் தாவலாம். இதுவும் முழு உண்மையல்ல. என் வாதம் திரும்புவது இங்கேதான். ஆந்தலூசியாவின் வெள்ளைக் கிராமத்தார் பெரும்பாலும் நிலமற்ற அன்றாடக் கூலிகள். நிலமெல்லாம் பிரபுக்களிடம் இருந்தது; பசியும் கலகமும் அந்த வட்டாரத்தின் நெடுங்கால வரலாறு. அவர்களுடைய கூலி வாழ்க்கைக்கும் தோட்டத்துக் கூலி வாழ்க்கைக்கும் எடுத்துச் சொல்லும்படியான தூரம் இல்லை. ஆனால் ஓர் ஏற்பாடு மட்டும் வேறாக இருந்தது. பண்ணை ஓரிடத்தில், ஊர் ஓரிடத்தில். பிரபுவின் பண்ணைவீடான ‘கொர்த்திஹோ’ வயலுக்கு நடுவே தனியாக நிற்கும். கூலி ஆட்கள் குன்றின்மேல் ஊரில் குடியிருந்து விடியுமுன் இறங்கி நடந்து வேலைக்குப் போவார்கள். அறுவடை முடிந்தால் வேலை போகும். வேலை போனால் சோறு போகும். வீடு போகாது. அது சிறிய வீடுதான், சில சமயம் வாடகை வீடுதான். ஆனால் கூலி கொடுக்கும் கையில் அந்த வீட்டின் சாவி இல்லை. செவில் மாகாணத்து மரினலேதா இதற்கு ஒரு முனைப்பான சான்று. அந்த ஊர்க் கூலிகள் பிரபு ஒருவரின் நிலத்தில் திரும்பத் திரும்பப் புகுந்து உட்கார்ந்து, 1991-இல் 1,200 எக்டேர் பண்ணையைத் தங்கள் கூட்டுறவுக்குப் பெற்றார்கள். வேலை கொடுப்பவனை எதிர்த்துவிட்டு மாலையில் திரும்பிப் போக அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது. போராட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குத்தான் புரியும்.

தோட்டத்து ஏற்பாடு நேர் எதிரானது. செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் ஏறினால் வீடு. பேர் வெட்டுப்பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதிகாலை இருட்டில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு ஐந்நூறு மரத்துக்கு உளி பிடித்து, மங்குப் பாலைச் சேர்த்து எடுத்து நிறுவையில் நிற்கும்வரை அவர் தொழிலாளி. அதற்குப் பிறகும், வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருக்கும்போதும், அவர் தொழிலாளிதான். வேலை இல்லாத நேரம் உண்டு, வேலைக்கு வெளியே இடம் இல்லை. நில அமைப்பும் இதைச் சொல்லிவிடும். ஆந்தலூசியாவில் குன்று ஊருக்கு. ஜொகூர்த் தோட்டத்தில் குன்று துரை பங்களாவுக்கு. காற்று வரும், புல்வெளி இருக்கும், அங்கிருந்து எல்லாம் தெரியும். கிராணி வீடுகள் பாதிச் சரிவில். லயம் பள்ளத்தில், ஓடைக்கு அருகில். வரிசையாக அறைகள், பொதுச் சுவர், பின்னால் அடுப்படி, கோடியில் தண்ணீர்க் குழாய், கொஞ்சம் தள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை. குன்றுச்சிக் கிராமம் என்று வெளியூர்ப் பயணி தேடிப் போகும் காட்சி இந்த நிலத்தில் தோன்றியிருக்கவே முடியாது. உச்சி ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்த வாதத்துக்கு ஸ்பெயின் கூடத் தேவையில்லை. ஆயர் ஈத்தாம் சுற்றிலேயே சான்று நிற்கிறது, அதுவும் சாலையோரமாகவே. 1950-இல் பிரிட்டிஷ் தளபதி ஹேரல்ட் பிரிக்ஸ் போட்ட திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த சீனர்களைக் கம்யூனிஸ்டுப் போராளிகளிடமிருந்து பிரிப்பதற்காக மலாயா முழுவதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்துக்கொண்டுவந்து முள்வேலிக்குள் வைத்தார்கள். புதுக்கிராமம் என்று பெயர். ஜொகூர் அந்தப் போரின் நடுக்களம். யோங் பெங்கும் மாச்சாப்பும் அதைப் பார்த்தவை. பிறப்பைப் பார்த்தால் லயத்தைவிடக் கொடூரமான பிறப்பு: இராணுவ லாரி, எரித்த குடிசை, ஊரடங்கு, அரிசி ரேஷன். ஆனால் அந்த வேலிக்குள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் அளந்து கொடுத்தார்கள். முதலில் தற்காலிக அனுமதிச் சீட்டு, பிறகு இழுபறிக்குப் பின் ஆண்டுக்கணக்கான குத்தகை. அது முழு உரிமையல்ல. அதற்காக அவர்கள் அரசோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் மல்லுக்கட்ட ஒரு மனைக்கட்டு இருந்தது. வேலி போனது, ஊர் நின்றது. இன்று அங்கே போனால் மீன் உருண்டைக் கடை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, சாமிமேடை இருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தாலும் புத்தாண்டுக்கு வந்து நிற்கும் கார்களால் தெரு அடைபடும். அதே நெருக்கடிக் காலத்தில் தோட்டத் தமிழர்களையும் விட்டுவைக்கவில்லை. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக நெருக்கி அவர்களைச் சுற்றியும் முள்வேலி போட்டார்கள். ஆனால் அது நடந்தது தோட்ட முதலாளியின் நிலத்துக்குள்ளேயே. வேலி இருவருக்கும் கிடைத்தது. மனை ஒருவருக்குத்தான் கிடைத்தது. பின்னர் 1956-இல் தொடங்கிய அரசின் பெல்டா நிலக் குடியேற்றத்தையும் பக்கத்தில் வையுங்கள். பயிர் அதே செம்பனை, உழைப்பு அதே உழைப்பு. குடியேறிய குடும்பத்துக்குப் பயிர் நிலத்தோடு வீட்டு மனையும் கணக்கில் வந்தது. அங்கே குடியேறியவர்களில் இந்தியக் குடும்பங்கள் மிகச் சொற்பம். ஜொகூரில் அந்தக் குடியேற்றங்கள் இன்றும் ஊராக நிற்கின்றன. ஆக, ஒரே மண், ஒரே மழை, ஒரே மரம். மூன்று விதமான குடியிருப்பு. இரண்டு இருக்கிறது, ஒன்று இல்லை. இனத்தாலோ பண்பாட்டாலோ சோம்பலாலோ இதை விளக்க முற்படுகிறவர்கள் முதலில் நில அலுவலகத்துப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

இது தோட்ட ஏக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அந்த வாழ்க்கையை ருசித்துச் சொல்லும் எழுத்து இப்போது கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. கள்ளுக்கடை, கங்காணியின் அடி, ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, துரையின் காருக்கு வழிவிட்டுச் சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற முதுகுகள்: இவை போனது நல்லதே. லயம் இடிந்ததற்காக அழ வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. லயத்திலிருந்து வெளியேறியவர் கையில் என்ன இருந்தது? ஆந்தலூசியாக் கூலி பார்சலோனாவுக்குப் போனபோது பூட்டிவிட்டுப் போனான். பிற்பாடு விற்றான், அல்லது பேரனுக்கு விட்டான். புதுக்கிராமத்துக்காரர் பட்டணத்தில் கடை வைக்கும்போது மனையை அடகு வைக்க முடிந்தது. மூன்று தலைமுறை ஒரே நிலத்தில் உழைத்தவர் தோட்டம் கைமாறிய நாளில் இழப்பீட்டுத் தொகையோடும் பெட்டி படுக்கையோடும் சடக்குக்கு வந்தார். நினைவுச்சின்னம் இல்லையே என்று நான் சொல்வது இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம்தான். பயணியின் கண்ணுக்கு ஊர் தெரியாததற்கும் அந்தக் குடும்பத்தின் கையில் சொத்து இல்லாததற்கும் காரணம் ஒன்றே.

வேலை குறைந்தது, ஆள் போனார்கள், இது பொருளாதாரத்தின் போக்கு, யாரும் சதி செய்யவில்லை என்பது இன்னொரு மறுப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பால்மரத்துக்கு நாள்தோறும் கை வேண்டும். செம்பனைக்குக் குலை பழுக்கும்போது கை போதும். செம்பனையிலும் ஒரு காலத்தில் நிறையக் கை வேண்டியிருந்தது: மகரந்தத்தை முகப்பூச்சு மாவோடு கலந்து ஊதுகுழலில் அடைத்து, முள்மட்டைகளுக்கு நடுவே பெண் பூவைத் தேடி ஊதிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை, பெண்கள் அதைச் செய்தார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு மூக்குவண்டைக் குளுவாங் பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். அது தானாகவே மகரந்தம் சுமந்தது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் கையால் ஊதுகிற வேலை இல்லாமல் போனது. அரிசி மணியைவிடச் சிறிய ஒரு வண்டின்மேல் யாருக்குக் கோபம் வரும்? ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான்: வண்டு எடுத்துக்கொண்டது வேலையை. வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது வண்டு அல்ல, வேலையோடு வீட்டை முடிச்சுப் போட்ட ஏற்பாடு. உலகத்தில் எங்கும் தொழில்கள் சாகின்றன. தொழில் செத்த அன்றே ஊரும் சாக வேண்டும் என்று பொருளாதார விதி எதுவும் சொல்லவில்லை. தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கினால் என்ன என்று அன்றே யோசித்தவர்களும் இருந்தார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் உறுப்பினர் கைக்கு வந்தது பங்குப் பத்திரம், வீட்டு மனை அல்ல. பங்குக்கு ஈவு வரும். பங்கில் பூட்டுப் போட முடியாது.

அப்படியானால் தோட்டத்திலிருந்து எதுவுமே தப்பவில்லையா? இரண்டு தப்பின, இரண்டும் யோசிக்க வைப்பவை. ஒன்று கோயில். லயம் இடிந்தபின்னும் மாரியம்மனோ முனீஸ்வரனோ செம்பனைக்கு நடுவே தகரக் கூரையோடு நிற்பதுண்டு. ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்தார் தாமான் எனும் புறநகர்க் குடியிருப்புகளிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருவார்கள். ஸ்பெயின் பேரனின் ஆகஸ்ட் வருகைக்கு இதுதான் நம் ஈடு. ஆனால் அவன் சொந்த வீட்டில் தூங்குவான். இவர்கள் பொங்கல் வைத்து, கூழ் ஊற்றி, இருட்டுமுன் கிளம்பியாக வேண்டும். அந்தக் கோயில்களும் பல இடங்களில் பிறர் நிலத்தில், பிறர் பொறுமையில் நிற்பவை; நிலம் கைமாறும்போது வழக்கும் கைகலப்பும் வருவது அதனால்தான். மற்றொன்று பள்ளியின் பெயர். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530-க்குள். தோட்டம் போனபின் மூடப்பட்டவை போக, மிஞ்சியவற்றில் பல பட்டணத்துக்கும் தாமானுக்கும் இடம் மாறின. பெயரை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டு போயின. குளுவாங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலை வாசித்தால் லம்பாக், நியோர், மெங்கிபோல், பாமோல், உலு ரெமிஸ் என்று ஒரு தோட்ட வரைபடமே கிடைக்கிறது. பால்மரம் பார்த்திராத பிள்ளைகள் மார்பில் தோட்டத்துப் பெயரைக் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். இந்தப் பட்டியல் ஒரு நல்ல பயண வழிகாட்டி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என்ன, பெயர் இருக்கும் இடத்தில் தோட்டம் இருக்காது.

அருங்காட்சியகம் வைக்கலாம், ஒரு லயத்தை மீட்டுக் கட்டி நுழைவுச்சீட்டு போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் தயக்கம். மண்வாசனைக்காக வெள்ளையடித்த லயம், மங்கும் உளியும் சுவரில் தொங்க, வாசலில் தேநீர்க்கடையோடு நிற்பதைக் கற்பனை செய்தால் கூச்சமாக இருக்கிறது. ஆந்தலூசியாவின் பட்டினி இன்று வெள்ளைச் சுவராக விற்கப்படுவதைப் போலத்தான் அதுவும் ஆகும். ஆனால் இந்தத் தயக்கம் கொஞ்சம் சொகுசானது என்பதும் தெரிகிறது. விற்கப்படுமோ என்று பயப்பட முதலில் ஏதாவது மிஞ்ச வேண்டும். அதோடு, மிஞ்சியிருக்கும் இடத்திலும் காட்சி நமக்கு எதையும் கற்றுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு இன்னும் கை தேவைப்படுவதால் லயன்கள் நிற்கின்றன, ஆட்களோடு. கண்டியிலிருந்து எல்ல போகும் இரயிலில் உலகத்துப் பயணிகள் வாசற்படியில் தொங்கியபடி அவற்றைக் கடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்குள்ளவர்கள் கேட்பது லயனுக்கு வெளியே தனி வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம். 2015-க்குப் பிறகுதான் அது கொஞ்சங்கொஞ்சமாக, கொஞ்சப் பேருக்கு, உறுதிப் பத்திரத்தோடு வரத் தொடங்கியது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதால் மாஞ்சோலையைச் சொல்ல வேண்டும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. மணிமுத்தாற்றிலிருந்து ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர்கள் வரிசையாக வரும். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு நாள் காரில் போய் வருகிறவர்களுக்குத் தென்தமிழ்நாட்டில் அதைவிட அழகான பாதை அரிது. அங்குள்ளவர்கள் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. நான்கு தலைமுறைக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் வைத்த கோரிக்கைகளின் வடிவத்தைப் பாருங்கள். அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்பது ஒன்று. அதாவது பழைய முதலாளிக்குப் பதில் புதிய முதலாளி, அவர் வழியாக வேலை, வேலை வழியாக வீடு. வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று; அந்தச் சட்டப்படி பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தில் வாழ்ந்து வனத்தை நம்பிப் பிழைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் சரி தவறை விட்டுவிடலாம். ஒன்று கூலியாக வா, இல்லாவிட்டால் காட்டுவாசியாக வா என்கிறது மனுப் படிவம். ஊர்க்காரன் என்று எழுத அதில் கட்டம் இல்லை.